மேதைக்குத் தரும் சலுகை

(பொறியியல் கல்லூரி ஒன்றின் திரைப்பட விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நேற்று மாலை இதே அரங்கில் நீங்கள் பார்த்த படத்திலிருந்தே தொடங்குகிறேன். 2013இல் வந்த ‘ஜாப்ஸ்’. முதல் காட்சி 2001ஆம் ஆண்டில் நடக்கிறது. ஆப்பிள் நிறுவனத்தின் உள்ளரங்கம். ஸ்டீவ் ஜாப்ஸாக நடிக்கும் ஆஷ்டன் குட்சர், சற்றே முன்னால் சாய்ந்த அந்த நடையோடு ஊழியர்கள் முன்னால் வருகிறார். கறுப்புச் சட்டை, நீல ஜீன்ஸ், கண்ணாடி. ஒரு புதிய கருவியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போய், கடைசியில் பையிலிருந்து ஒரு சின்ன வெள்ளைப் பெட்டியை எடுத்துக் காட்டுகிறார். அதுதான் ஐபாட். இசை மேலெழுகிறது, கைதட்டல் அரங்கை நிறைக்கிறது. படம் தொடங்கிச் சில நிமிடங்கள்தான் ஆகியிருக்கும், அதற்குள் அந்த மனிதர் நம்மை ஆட்கொண்டுவிடுகிறார். நேற்று அந்த இடத்தில் நீங்களும் கைதட்டினீர்கள். அதில் தவறில்லை. கைதட்டுவதற்காகவே கட்டப்பட்ட காட்சி அது.

ஆனால் நீங்கள் பொறியியல் படிப்பவர்கள். அந்த வெள்ளைப் பெட்டியைத் திறந்து பாருங்கள். உள்ளே 1.8 அங்குல ஹார்ட் டிஸ்க் ஒன்று இருக்கும். ஜப்பானின் தோஷிபா நிறுவனத்துப் பொறியாளர்கள் செய்தது அது. செய்து முடித்துவிட்டு, இவ்வளவு சின்ன டிஸ்க்கை எதற்குப் பயன்படுத்துவது என்று அவர்களே தெளிவில்லாமல் இருந்த நேரத்தில், 2001 பிப்ரவரியில் ஆப்பிளின் வன்பொருள் தலைவர் ஜான் ரூபின்ஸ்டீன் ஜப்பான் போயிருந்தார். பார்த்த உடனே அதன் பயனைப் புரிந்துகொண்டவர் அவர். கருவியை வடிவமைத்த குழுவை நடத்தியவர் டோனி ஃபேடல். முதலில் ஒப்பந்த அடிப்படையில் வந்தவர். உள்ளே இருந்த சிப், போர்ட்டல்பிளேயர் என்ற இன்னொரு நிறுவனத்தினுடையது. ‘ஐபாட்’ என்ற பெயரைக்கூட வெளியிலிருந்து வந்த ஒரு விளம்பர எழுத்தாளர்தான் சூட்டினார். இத்தனை பேரும் சேர்ந்து ஒரே ஆண்டுக்குள், 2001 அக்டோபர் 23 அன்று வெளியிடும் அளவுக்கு அதைக் கொண்டுவந்தார்கள். தொழில்நுட்ப வரலாற்றில் இது ஒரு பெரிய சாதனை. பல நாடுகள், பல நிறுவனங்கள், பல கைகள் சேர்ந்த சாதனை. படத்தில் அது ஒருவருடைய பையிலிருந்து வெளியே வருகிறது.

ஜாப்ஸுக்கு அதில் பங்கில்லை என்று நான் சொல்லவில்லை. எதை வைத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது என்று தீர்மானிப்பதில் அவருக்கு அசாதாரணமான கூர்மை இருந்தது. அந்தத் தீர்மானங்கள் இல்லாவிட்டால் ஐபாட் வேறு மாதிரி ஆகியிருக்கும். அதற்குரிய மரியாதையைத் தாராளமாகக் கொடுக்கலாம். தேர்வு செய்தவரையே படைத்தவராக ஆக்குகிறார்களே, அதைப் பற்றித்தான் நான் பேச வந்தேன். அதைவிட முக்கியமாக, அப்படி ஆக்கிய பிறகு அவர் செய்த கொடுமைகளுக்கு நாம் கொடுக்கும் சலுகையைப் பற்றி.

‘ஜாப்ஸ்’ போன்ற படங்கள் நேரடியாகப் புகழ்கிறவை. அவற்றால் பெரிய ஆபத்து இல்லை. ஆப்பிளைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் வோஸ்னியாக்கே அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, தனக்கு நன்றாகத் தெரிந்த பலர் அதில் தவறாகக் காட்டப்பட்டிருக்கிறார்கள் என்று வருந்தினார். விமர்சகர்கள் கைவிட்டார்கள். படமும் மறக்கப்பட்டு வருகிறது. நான் அதிகம் அஞ்சுவது 2015இல் வந்த ‘ஸ்டீவ் ஜாப்ஸ்’ படத்தைப் பார்த்து. டேனி பாயில் இயக்கியது, ஆரன் சோர்கின் எழுதியது, மைக்கேல் ஃபாஸ்பெண்டர் நடித்தது. மிகச் சிறந்த படம். அதனால்தான் அஞ்சுகிறேன்.

தமிழில் இலக்கணம் படித்தவர்களுக்கு வஞ்சப்புகழ்ச்சி அணி நினைவிருக்கும். பழிப்பது போலப் புகழ்வது, புகழ்வது போலப் பழிப்பது. சோர்கினின் திரைக்கதை முதல் வகை. அதில் ஜாப்ஸ் செய்யாத கெடுதல் இல்லை. பெற்ற மகளை மறுக்கிறார், நண்பனை அவமதிக்கிறார், ஊழியரை எல்லோர் முன்னிலையிலும் மிரட்டுகிறார். எதையும் படம் மூடி மறைக்கவில்லை. இவ்வளவு நேர்மையாக ஒரு பெரிய மனிதரைப் பற்றிப் படம் எடுத்திருக்கிறார்களே என்று நாம் வியக்கிறோம். ஆனால் ஒவ்வொரு கொடுமையும் நடந்து முடிந்த அடுத்த நிமிடம் மேடைக் கதவு திறக்கிறது. கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. 1984இல் மேக்கின்டோஷ், 1988இல் நெக்ஸ்ட், 1998இல் ஐமேக் என்று மூன்று அறிமுக விழாக்கள், மூன்று அங்கங்கள். கொடுமையும் மேடையும் மாறி மாறி வந்து, கொடுமைதான் மேடைக்குப் போகும் படிக்கட்டு என்ற எண்ணத்தை நமக்குள் இறக்கிவிடுகின்றன. யாரும் அதை வசனமாகச் சொல்வதில்லை. சொல்லியிருந்தால் நாம் மறுத்திருப்போம்.

மகள் லிசாவின் கதையைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். லிசா 1978 மே மாதம் பிறந்தவர். தந்தை நான் இல்லை என்று ஜாப்ஸ் பல ஆண்டுகள் சாதித்தார். மரபணுச் சோதனை வந்த பிறகும், அமெரிக்க ஆண்களில் 28 சதவீதம் பேர் அந்தக் குழந்தைக்குத் தந்தையாக இருக்கக்கூடும் என்று ‘டைம்’ பத்திரிகையிடம் சொன்னார். அந்தக் குழந்தையின் தாய் அரசு உதவித்தொகையில் வாழ்ந்துகொண்டிருந்தார். ஜீவனாம்ச வழக்கு நடந்தது. பிற்காலத்தில் லிசா ‘ஸ்மால் ஃப்ரை’ என்ற தன் நினைவுக்குறிப்பில் தேதியோடு எழுதுகிறார்: வழக்கு 1980 டிசம்பர் 8 அன்று முடிந்தது, அதைச் சீக்கிரம் முடிக்கத் தந்தையின் வழக்கறிஞர்கள் அவசரப்பட்டார்கள். நான்கு நாள் கழித்து, டிசம்பர் 12 அன்று, ஆப்பிளின் பங்குகள் சந்தைக்கு வந்தன. ஒரே இரவில் அவருடைய சொத்து 20 கோடி டாலரைத் தாண்டியது. மகளுக்கு அவர் கொடுக்க ஒப்புக்கொண்டது மாதம் 500 டாலர்.

இப்போது படத்தின் முடிவுக்கு வாருங்கள். 1998. ஐமேக் அறிமுகத்துக்கு நேரமாகிவிட்டது, உள்ளே கூட்டம் காத்திருக்கிறது. ஜாப்ஸ் அதை விட்டுவிட்டு, கார் நிறுத்தும் கட்டடத்தின் மொட்டைமாடிக்கு மகளைத் தேடிப் போகிறார். ஆப்பிளின் ‘லிசா’ கணினிக்கு உன் பெயரைத்தான் வைத்தேன் என்று ஒப்புக்கொள்கிறார். ஐந்து வயதில் அவள் மேக்கின்டோஷில் வரைந்த படத்தின் தாளை இத்தனை காலம் வைத்திருந்து காட்டுகிறார். அவள் இடுப்பில் தொங்கும் வாக்மேனைப் பார்த்து, உன் பாடல்களையெல்லாம் ஒரு பைக்குள் வைத்துத் தருகிறேன் என்கிறார். அதாவது ஐபாட்டே ஒரு தந்தையின் பிராயச்சித்தமாக ஆகிவிடுகிறது. அடுத்து மேடை, வெளிச்சம், மகளின் பார்வை. நான் உட்பட எல்லோரும் அழுதோம்.

நடந்தது வேறு. கணினிக்கு மகள் பெயரை வைத்ததா என்ற கேள்விக்கு ஜாப்ஸ் அவளிடம் ‘இல்லை’ என்றுதான் சொல்லி வந்தார். ‘ஆம்’ என்ற சொல் லிசாவின் காதில் விழுந்தது அவருடைய 27ஆவது வயதில். அதுவும் மகள் கேட்டதற்கு அல்ல. பிரான்ஸில் பாடகர் போனோவின் வீட்டில் விருந்தாளிகளாக உட்கார்ந்திருந்தபோது போனோ கேட்டார். ஜாப்ஸ் தயங்கிவிட்டு ‘ஆம்’ என்றார். இன்னொரு பிரபலம் கேட்டதால் கிடைத்த பதில் அது. மொட்டைமாடி இல்லை, பாதுகாத்து வைத்த ஓவியம் இல்லை, மன்னிப்பும் இல்லை. ஒரு மகள் கால் நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்த சொல்லை, படம் ஏழெட்டு ஆண்டு முன்னதாகவே தந்தையின் வாயில் கொண்டுவந்து வைக்கிறது. கதைக்காக மாற்றிக்கொண்டார்கள் என்று இதை எளிதாக விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. அந்த ஏழெட்டு ஆண்டுகள் லிசாவினுடையவை. அவற்றை எடுத்து, தந்தையின் கணக்கில் வரவு வைத்துவிட்டார்கள்.

அதே படத்தில், மேக்கின்டோஷ் குழுவில் இருந்த ஜோஆனா ஹாஃப்மனைப் பாருங்கள். கேட் வின்ஸ்லெட் அற்புதமாக நடித்திருக்கிறார். மூன்று அங்கத்திலும் ஜாப்ஸின் பின்னாலேயே ஓடி, நேரத்தை நினைவூட்டி, மனசாட்சியாக நின்று, கண்ணீர் விட்டுக் கெஞ்சுகிறார். நிஜமான ஹாஃப்மன் ஐமேக் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே ஜாப்ஸை விட்டு வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டவர். மேக்கின்டோஷ் குழுவில் ஒரு வழக்கம் இருந்தது. ஜாப்ஸை எதிர்த்து நின்று வாதாடியவர்களில் சிறந்தவருக்கு ஊழியர்களே ஆண்டுதோறும் ஒரு விருது கொடுத்தார்கள். 1981, 1982 இரண்டு ஆண்டுகளும் அது ஹாஃப்மனுக்குப் போனது. தன் துறையில் தெளிவான கருத்தோடு முதலாளியை மறுத்துப் பேசிய ஒரு பெண், திரையில் முதலாளியைப் பராமரிக்கும் பெண்ணாக மாறிவிடுகிறார். மேதையைச் சுற்றி இருப்பவர்களுக்கு இந்தப் படங்கள் ஒதுக்கும் வேலை அது ஒன்றுதான். பராமரிக்க வேண்டும், பொறுத்துக்கொள்ள வேண்டும், கடைசியில் மன்னிக்க வேண்டும்.

வோஸ்னியாக்கையும் சொல்லியாக வேண்டும். ஆப்பிள் 2 கணினியை உருவாக்கிய குழுவுக்கு மேடையில் ஒரு வார்த்தை நன்றி சொல் என்று படத்தில் அவர் திரும்பத் திரும்பக் கேட்கிறார். திறமையும் பண்பும் ஒருவரிடமே இருக்க முடியும் என்றும் சொல்கிறார். அப்படியெல்லாம் நான் பேசியதே இல்லை என்று நிஜ வோஸ்னியாக் பின்னர் சொன்னார். அவர் பேசவில்லை, செய்தார். 1980இல் பங்குகள் சந்தைக்கு வருவதற்கு முன், ஆரம்பத்திலிருந்தே கூட இருந்த சிலருக்குப் பங்கே ஒதுக்கப்படவில்லை. அவர்களில் ஒருவரான டேனியல் காட்கி, ஜாப்ஸின் கல்லூரி நண்பர், அவரோடு இந்தியாவுக்குப் பயணம் வந்தவர். அவருக்காகப் பரிந்து பேசிய பொறியாளர் ராட் ஹோல்ட், நீங்கள் எவ்வளவு கொடுக்கிறீர்களோ அதே அளவு நானும் கொடுக்கிறேன் என்றார். நான் கொடுப்பது பூஜ்யம் என்றார் ஜாப்ஸ். வோஸ்னியாக் தன் பங்கிலிருந்து நாற்பது பேருக்குக் குறைந்த விலைக்கு விற்றார். பங்கு கிடைக்காத பழைய நண்பர்களுக்குச் சும்மாவே கொடுத்தார். தொழில்முனைவோரைப் பற்றிப் படம் எடுக்க வேண்டுமானால் இதைவிட நல்ல காட்சி எங்கே கிடைக்கும்? ஆனால் எந்தப் படமும் இதை மையமாக வைத்துக்கொள்ளவில்லை. நல்லவராக இருந்துகொண்டே மேதையாக இருந்த ஒருவர் நடுவில் வந்து உட்கார்ந்தால், கொடுமைதான் மேதைமையின் விலை என்ற கணக்கு தப்பாகிவிடும்.

அந்தக் கார் கொட்டகையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கலிபோர்னியாவின் லாஸ் ஆல்டோஸில் ஜாப்ஸின் பெற்றோர் வீட்டுக் கொட்டகையில்தான் ஆப்பிள் பிறந்தது என்பது உலகம் முழுக்க நம்பப்படும் கதை. அங்கே எந்த வடிவமைப்பும் நடக்கவில்லை, அது பெரும்பாலும் கட்டுக்கதை என்று வோஸ்னியாக்கே சொல்லியிருக்கிறார். முதல் கணினியை அவர் வடிவமைத்தது ஹெச்பி நிறுவனத்தில் தன் மேஜையிலும் தன் வீட்டிலும். ஜாப்ஸ் வீட்டில் நடந்தது வேறு வேலை. பலகையில் சிப்புகளைப் பொருத்தும் வேலை. அதில் ஒரு பகுதியைச் செய்தவர் கர்ப்பிணியாக இருந்த ஜாப்ஸின் தங்கை, பலகைக்கு ஒரு டாலர் கூலி. கொட்டகையைப் படங்கள் விடாமல் காட்டுகின்றன. அந்த ஒரு டாலர் கூலி யாருக்கும் நினைவில் இல்லை.

2010இல் வந்த ‘தி சோஷியல் நெட்வொர்க்’ படத்தையும் சோர்கின்தான் எழுதினார், டேவிட் ஃபின்ச்சர் இயக்கினார். எட்டு ஆஸ்கர் பரிந்துரை, மூன்று விருது. மார்க் ஸக்கர்பெர்க்கை அது புகழவில்லை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். தன்னை விட்டுப் போன ஒரு பெண்ணின் மீதுள்ள கோபத்தில் ஃபேஸ்புக் பிறந்தது என்பது படத்தின் கதை. அந்தப் பெண் கற்பனைப் பாத்திரம். நிஜத்தில் ஸக்கர்பெர்க், பிற்காலத்தில் தன் மனைவியான பிரிசில்லா சானை 2003இலேயே சந்தித்துவிட்டவர். அது போகட்டும். படம் நம் முன் வைக்கும் கேள்வி என்ன? இந்த யோசனை யாருடையது, பணத்தில் யாருக்கு எவ்வளவு, நண்பனுக்குத் துரோகம் செய்தானா? ஹார்வர்டு மாணவர் நாலைந்து பேருக்குள் நடந்த சண்டை. படம் வந்தபோதே ஃபேஸ்புக்கில் ஐம்பது கோடிப் பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவரும் படத்தில் இல்லை. பிறகு என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். 2018இல் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரம், எட்டுக் கோடிக்கு மேற்பட்டவர்களின் தகவல். அதே ஆண்டு, மியான்மரில் ரோஹிங்கியா மக்களுக்கு எதிரான வெறுப்பைப் பரப்பியதில் ஃபேஸ்புக்குக்குப் பங்குண்டு என்று ஐ.நா. விசாரணைக் குழு சொன்னது. 2010இல் எடுத்த படம் 2018ஐ முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும் என்று கேட்பது நியாயமில்லை. ஆனால் கோடிக்கணக்கானவர்களின் பேச்சை ஒரு தனியார் நிறுவனம் கையில் வைத்துக்கொள்வதன் பொருள் என்ன என்ற கேள்வி அன்றும் இருந்தது. தனிமையில் வாடும் ஒரு கோடீஸ்வரனின் முகத்தை அண்மைக் காட்சியில் காட்டி முடித்தபோது, அந்தக் கேள்வி திரைக்கு வெளியே போய்விட்டது.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று நீங்கள் கேட்கலாம். 2015 அக்டோபர் மாதத்தைப் பாருங்கள். அந்த மாதம் 9ஆம் தேதி ‘ஸ்டீவ் ஜாப்ஸ்’ அமெரிக்கத் திரையரங்குக்கு வந்தது. அதே மாத ‘இங்க்’ பத்திரிகையின் அட்டையில் கழுத்தை மூடிய கறுப்புச் சட்டை அணிந்த ஓர் இளம்பெண். ‘அடுத்த ஸ்டீவ் ஜாப்ஸ்’ என்று பொருள்படும் தலைப்பு. அவர் எலிசபெத் ஹோம்ஸ். 19 வயதில் ஸ்டான்ஃபோர்டு படிப்பை விட்டுவிட்டுத் தெரனோஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கியவர். விரல் நுனியில் எடுக்கும் ஓரிரு சொட்டு ரத்தத்தில் ஏராளமான சோதனைகளைச் செய்துவிடலாம் என்றவர். நிறுவனத்தின் மதிப்பு 900 கோடி டாலர் என்றார்கள். அந்த மாதத்தின் நடுவிலேயே ‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’ செய்தியாளர் ஜான் கேரிரூவின் கட்டுரை வந்தது. பெரும்பாலான சோதனைகளைத் தெரனோஸின் கருவி செய்யவே இல்லை, மற்ற நிறுவனங்களிடம் வாங்கிய சாதாரண இயந்திரங்களில்தான் செய்தார்கள் என்பது அம்பலமானது.

ஹோம்ஸ் ஜாப்ஸின் சட்டையை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. அந்தக் கதை முழுவதையும் எடுத்துக்கொண்டார். படிப்பை விடுவது, ரகசியம் காப்பது, முடியாது என்று சொல்லும் பொறியாளரை விசுவாசமற்றவராகப் பார்ப்பது, இன்று பொய்யாக இருப்பதை நாளை உண்மையாக்கிவிடலாம் என்ற துணிச்சல். கணினியில் அந்தத் துணிச்சல் செல்லுபடியாகும். அறிமுக விழாவில் இயந்திரம் தடுமாறினால் அடுத்த மாதம் சரிசெய்து கொடுக்கலாம். ரத்தப் பரிசோதனையில் அது என்ன செய்யும்? வயிற்றில் ஆரோக்கியமாக வளர்ந்துகொண்டிருந்த கரு கலைந்துகொண்டிருப்பதாகத் தெரனோஸின் முடிவு தனக்குச் சொன்னது என்று ஒரு பெண் நீதிமன்றத்தில் ஏறிச் சாட்சி சொன்னார். 2022 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. முதலீட்டாளர்களை ஏமாற்றிய நான்கு குற்றச்சாட்டுகளில் ஹோம்ஸ் குற்றவாளி. நோயாளிகளை ஏமாற்றியதான குற்றச்சாட்டுகளில் அவர் விடுவிக்கப்பட்டார். பதினோரு ஆண்டுக்கு மேல் சிறைத்தண்டனை கிடைத்தது. பணம் இழந்தவர்களுக்காகக் கிடைத்த தண்டனை அது.

ஒரு படம் வந்ததால் ஹோம்ஸ் கெட்டுப்போனார் என்று நான் சொல்ல வரவில்லை. அவருடைய கதை படத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது. ஆனால் முதலீட்டாளர்களும் பத்திரிகைகளும் நிர்வாகக் குழுவில் இருந்த முன்னாள் அமைச்சர்களும் அவரைச் சோதித்துப் பார்க்காமல் நம்பியதற்கு, மேதை இப்படித்தான் இருப்பார் என்று அவர்கள் மனதில் ஏற்கெனவே பதிந்திருந்த உருவம் காரணம். அந்த உருவத்தைக் கட்டியதில் நூல்களுக்கும் பத்திரிகைகளுக்கும் படங்களுக்கும் பங்குண்டு.

2022 வசந்தத்தில் காற்று திசை மாறியது போலத் தோன்றியது. ஊபர் நிறுவனரைப் பற்றி ‘சூப்பர் பம்ப்டு’, ஹோம்ஸைப் பற்றி ‘தி டிராப்அவுட்’, வீவொர்க் நிறுவனர் ஆடம் நியூமனைப் பற்றி ‘வீகிராஷ்டு’ என்று மூன்று தொடர்கள் சில வார இடைவெளியில் வந்தன. மூன்றும் வீழ்ச்சியின் கதைகள். ஆனால் வீழ்ச்சியிலும் நடுவில் நிற்பது அதே ஒற்றை ஆள்தான், அதே கவர்ச்சிதான். ‘வீகிராஷ்டு’ வந்த அதே ஆண்டு ஆகஸ்டில், நியூமனின் அடுத்த நிறுவனத்துக்கு ஒரு பெரிய முதலீட்டு நிறுவனம் சுமார் 35 கோடி டாலர் கொடுத்தது.

வேறு மாதிரி எடுக்கவே முடியாதா? முடியும். 2023இல் மேட் ஜான்சன் இயக்கிய ‘பிளாக்பெர்ரி’ படத்தைத் தேடிப் பாருங்கள். கனடாவின் வாட்டர்லூ நகரத்துப் பொறியாளர்கள் சிலர் சேர்ந்து ஒரு கைபேசியைச் செய்கிறார்கள். அதிலும் கற்பனை உண்டு, மிகைப்படுத்தல் உண்டு. ஆனால் வேலை தெரிகிறது. தொடக்கத்தில் மைக் லஸரிடிஸ் பாத்திரம், ஒரு அலுவலகத்தில் காத்திருக்கும்போது மேஜை மேல் இரைந்துகொண்டிருக்கும் இன்டர்காமைப் பொறுக்க முடியாமல் தானே பிரித்துச் சரிசெய்கிறது. கடைசியில் அவருடைய சொந்த நிறுவனத்தின் புதிய போன்கள் பெட்டி பெட்டியாக வந்து இறங்குகின்றன. ஒன்றை எடுத்துக் காதில் வைக்கிறார், அதே இரைச்சல். ஒவ்வொன்றாகப் பிரித்துத் தன் கையாலேயே சரிசெய்ய உட்கார்ந்துவிடுகிறார். ஒரு பொறியாளரின் பெருமையும் தோல்வியும் ஒரு இரைச்சலில் அடங்கிவிடுகின்றன. நிதானமான, பலர் சேர்ந்து செய்யும் வேலையைத் திரையில் காட்ட முடியாது, அதனால்தான் ஒற்றை நாயகன் வேண்டும் என்ற வாதத்தை நான் ஏற்காததற்கு இந்தப் படம் போதும்.

நம் மொழியில் வந்த ‘சூரரைப் போற்று’ படத்தைப் பற்றி நேற்று ஒரு மாணவர் கேட்டார். 2020இல் சுதா கொங்கரா இயக்கியது, ஐந்து தேசிய விருது பெற்றது, ஏர் டெக்கன் நிறுவனர் கோபிநாத்தின் நூலைத் தழுவியது. கர்நாடகத்தின் கொரூரைச் சேர்ந்தவர் திரையில் சோழவந்தான்காரர் ஆகிறார். அதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன், பெயரை மாற்றிக் கற்பனை என்று அறிவித்துவிட்டே செய்தார்கள். ஊரே சேர்ந்து தூக்கிவிடுவதையும் அந்தப் படம் காட்டுகிறது, அது பாராட்டத்தக்கது. ஆனால் அதுவும் விமானம் ஏறியதோடு முடிந்துவிடுகிறது. ஏர் டெக்கன் சில ஆண்டுகளிலேயே கிங்ஃபிஷரோடு இணைந்ததும், கிங்ஃபிஷர் 2012இல் பறப்பதையே நிறுத்தியதும் அந்தக் கதைக்கு வெளியே நிற்கின்றன.

இனி, திரைக்கு வராதவர்களைப் பற்றி. மவுஸைக் கையில் பிடித்து, திரையில் சுட்டி, எழுத்தைத் திருத்தி, தொலைவில் இருப்பவரோடு சேர்ந்து வேலை செய்வதை உலகத்துக்கு முதலில் காட்டியவர் டக்ளஸ் எங்கல்பார்ட். 1968 டிசம்பர் 9, சான் பிரான்சிஸ்கோ. அவருடைய ஆய்வகத்துக்குப் பணம் கொடுத்தது அமெரிக்க அரசு. மவுஸுக்காக ராயல்டி என்று அவர் ஒரு காசு பெறவில்லை. அந்தச் சிந்தனை ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வு மையத்தில் வளர்ந்து, 1979இல் அங்கே போய்ப் பார்த்த ஜாப்ஸ் குழுவின் வழியாக ஆப்பிளுக்கு வந்தது. ஐபோனின் இணையம், ஜிபிஎஸ் என்று ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் போனால் பொதுப்பணமும் பல்கலைக்கழக ஆய்வும்தான் அடியில் இருக்கின்றன என்று பொருளியலாளர் மரியானா மசுக்காட்டோ விரிவாகக் காட்டியிருக்கிறார். வரி கட்டிய மக்களுக்கும் இந்தக் கதையில் ஒரு பாத்திரம் உண்டு. அதை யாரும் எழுதவில்லை.

மேக்கின்டோஷ் திட்டத்தை 1979இல் தொடங்கியவர் ஜெஃப் ராஸ்கின், ஜாப்ஸ் பின்னால் வந்து எடுத்துக்கொண்டார். அந்தக் கணினியில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம் உண்டு. 1982 பிப்ரவரியில் குழுவினர் எல்லோரும் கூடி ஒரு பெரிய தாளில் கையெழுத்திட்டார்கள். அந்தக் கையெழுத்துகளைக் கணினிப் பெட்டியின் பிளாஸ்டிக் அச்சிலேயே பதித்தார்கள். கலைஞர்கள் தங்கள் படைப்பில் கையெழுத்திட வேண்டும் என்று அதை முன்னின்று செய்தவர் ஜாப்ஸ்தான், அதையும் சொல்ல வேண்டும். ஆனால் பெயர்கள் இருந்தது பெட்டியின் உட்புறத்தில். அந்தப் பெட்டியைத் திறக்க நீண்ட தண்டுடைய தனி வகைத் திருப்புளி வேண்டும். வாங்கியவர்களில் பெரும்பாலோர் அந்தப் பெயர்களைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். தஞ்சைப் பெரிய கோயிலை நினைத்துக்கொள்கிறேன். ராஜராஜனின் மெய்க்கீர்த்தியோடு தொடங்கும் அந்தக் கல்வெட்டுகள், அதோடு நிற்காமல் நானூறு ஆடல் மகளிரை வீட்டின் வரிசை எண் முதற்கொண்டு பெயர் சொல்லி எழுதுகின்றன. தச்சர், தையற்காரர், நாவிதர் வரை வருகிறார்கள். அந்தப் பெண்கள் விரும்பித்தான் வந்தார்களா என்பதை அந்தக் கல்வெட்டு சொல்லவில்லை, அரசனின் பெருமைக்காகவே அது வெட்டப்பட்டது. ஆனாலும் பெயர்கள் வெளிச்சுவரில் இருக்கின்றன.

இதெல்லாம் சினிமா, வரலாறு இல்லை, புகைப்படம் கேட்காதே, ஓவியமாகப் பார் என்பது இந்தப் படங்களை எடுப்பவர்களின் பதில். நான் அதைப் பாதி ஏற்கிறேன். உரையாடலைக் கற்பனை செய்யட்டும், மூன்று நாளை ஒரு நாளாக்கட்டும். ஆனால் நிஜமான பெயரை வைத்துக்கொண்டு, நிஜமான நிறுவனத்தின் பொருளைக் காட்டி, நிஜத்தின் நம்பகத்தன்மையை டிக்கெட்டோடு சேர்த்து விற்கிறார்கள். கேள்வி வரும்போது மட்டும் ஓவியம் என்கிறார்கள். ஓவியன் யார் முகத்தை வரைய எடுத்துக்கொள்கிறான், யார் முகத்தை விட்டுவிடுகிறான் என்பதற்கு அவன் பொறுப்பாளிதான். இந்த ஓவியங்களில் எல்லாத் திருத்தங்களும் ஒரே திசையில் போகின்றன. அதிகாரம் உள்ளவருக்குச் சாதகமாகத்தான் போகின்றன. தற்செயலாக அப்படி நடக்காது.

கடைசியாக, நம் ஊருக்கு அருகில். ஐபோன்கள் இன்று ஸ்ரீபெரும்புதூரில் பூட்டப்படுகின்றன. பூட்டுபவர்களில் பெரும்பாலோர் உங்கள் வயதுப் பெண்கள். 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலைத் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் கெட்டுப்போன உணவைச் சாப்பிட்டு 250க்கும் மேற்பட்ட பெண்களுக்கு உடல்நலம் கெட்டது. 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். ஓர் அறையில் முப்பது பேர் வரை தரையில் படுத்துத் தூங்கினார்கள் என்ற செய்தி அப்போதுதான் வெளியே வந்தது. அவர்கள் சென்னை பெங்களூரு நெடுஞ்சாலையில் இறங்கி உட்கார்ந்தார்கள். ஆலை மூடப்பட்டது. விடுதிகளிலும் உணவுக்கூடங்களிலும் சில எங்கள் தரத்துக்கு ஏற்றபடி இல்லை என்று ஆப்பிள் ஒப்புக்கொண்டு ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. ஜனவரியில்தான் ஆலை திறந்தது. உலகின் மிகப் பெரிய தொழில்நுட்ப நிறுவனம் ஒன்றை இறங்கிவந்து பதில் சொல்ல வைத்தவர்கள், விடுதியில் தங்கி வேலை செய்யும் பெண்கள். துணிச்சல், திருப்பம், வெற்றி என்று திரைக்கதைக்கு என்னென்ன வேண்டுமோ எல்லாம் இதில் இருக்கிறது.

உங்களில் குறும்படம் எடுப்பவர்கள் இருக்கிறீர்கள், இந்த விழாவே உங்கள் உழைப்பால் நடக்கிறது. படித்து முடித்ததும் உங்களில் சிலர் அந்த ஆலைகளில் பொறியாளர்களாகவும் போவீர்கள். கேமராவோடு போனாலும் வேலைக்குப் போனாலும், அந்த விடுதிகளுக்கு ஒரு முறை போய் அந்தப் பெண்களோடு உட்கார்ந்து பேசுங்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதுங்கள். அடுத்த ஆண்டு இந்த விழாவில் அந்தப் படத்தைத் திரையிடுங்கள், அழைத்தால் நான் வருகிறேன்.